வாசலோடு திரும்பிவிடுகிறேன் அம்மா

டிசம்பர் பிறந்ததும் எனக்கு வரும் கடிதங்களின் குணமே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் பிள்ளைகள் படிப்பு, மாமியார் வீடு, கல்யாணம் தள்ளிப்போவது என்று எழுதுகிறவர்கள், வீட்டு முன்னால் ஸ்டார் கட்டியதும் பத்து வருஷம், இருபது வருஷம் முந்தின ஏதோ ஒன்றைத் தோண்டி எடுத்து எழுதுகிறார்கள். நடுராத்திரி பாட்டுக்குழு வந்து வாசலில் நின்று பாடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனபின் தூக்கம் வராமல் கிடப்போமே, அந்த நேரத்தில் எழுதியவை என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த மாதம் ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது, அது அப்படிப்பட்ட கடிதம்.

கேள்வி: அம்மா, எனக்கு 43 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. 11 வருஷத்துக்கு முன்னால் குடியும் சீட்டாட்டமுமாக இருந்தபோது, பேர்ணாம்பட்டில் இருக்கிற என் அக்காவின் 3 பவுன் செயினை அவருக்குத் தெரியாமல் எடுத்து அடகு வைத்தேன். மீட்கவில்லை, ஏலத்தில் போய்விட்டது. அக்கா வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண்மேல் பழி விழுந்தது, அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் நான் ஊர்ப்பக்கம் போகவே இல்லை. குடியை விட்டு 4 வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறேன், ஆனால் உள்ளே போவதில்லை. செருப்பு விடுகிற இடத்தில் நின்று பாட்டைக் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான், எல்லோரும் புது ட்ரெஸ்ஸில் உள்ளே போனார்கள். செயினைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குப் பணம் சேர்ந்ததும் உள்ளே போகலாம் என்று இருக்கிறேன். எனக்கெல்லாம் மன்னிப்பு உண்டா அம்மா?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, உண்டு. மற்றதை அப்புறம் படிக்கலாம், முதலில் இந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகமாக உறுத்தியது, "பணம் சேர்ந்ததும் உள்ளே போகலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். காய்ச்சல் விட்டபிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று படுத்திருக்கிறவரை நாம் என்ன சொல்வோம்? வரிசையைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். 4 வருஷமாகக் குடியைத் தொடாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை, அதை நான் மனதார மதிக்கிறேன், ஆனால் அதையும் டிக்கெட் மாதிரி கையில் வைத்துக்கொண்டு, இன்னும் பத்தவில்லை, இன்னும் பத்தவில்லை என்று வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே தேவதூதன் யோசேப்பிடம் பெயரைச் சொல்லிவிடுகிறான். இயேசு என்று பேரிடு, ஏனென்றால் "அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்" என்று. மத்தேயு முதல் அதிகாரம், 21ஆம் வசனம். பாவம் செய்தவர்களுக்காகவே வருகிறார் என்று பெயரிலேயே எழுதி வைத்துக்கொண்டு பிறந்த பிள்ளையின் பிறந்தநாளில், நான் பாவம் செய்தவன், அதனால் உள்ளே வரமாட்டேன் என்கிறீர்களே! அந்த ராத்திரி முதலில் வந்து பார்த்தவர்கள் வயல்வெளியில் மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்கள். ஆட்டு வாடையோடு, உடம்பில் இருந்த துணியோடு, சேதி கேட்ட கையோடு கிளம்பி வந்தவர்கள். புதுத்துணி இல்லாதவர்கள் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரக் கூச்சப்படுகிறார்கள் என்றால் அது நம் சபைகளுக்கு வெட்கம், உங்களுக்கு இல்லை.

அதே அதிகாரத்தின் தொடக்கத்தை யாரும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் போடுவதில்லை, ஏனென்றால் அது வெறும் பெயர்ப் பட்டியல். ஞாயிறு பள்ளியில் நான் அதை வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆபிரகாமில் தொடங்கி யோசேப்புவரை வரும் அந்தப் பட்டியலில் தாவீதின் இடம் வரும்போது, சாலொமோனின் தாயை "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்று எழுதியிருக்கிறது. அவள் பெயர் பத்சேபாள். அந்தப் பெயரைப் போட்டிருந்தால் நாம் சும்மா கடந்து போயிருப்போம். உரியாவின் மனைவி என்று எழுதியதால்தான் தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டதும், அவள் புருஷனைப் போரில் முன்னே நிறுத்திச் சாகவைத்ததும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகிறது. தாவீது அழுது கேட்டான், மன்னிப்புக் கிடைத்தது. ஆனாலும் உரியாவின் பெயரை யாரும் அங்கிருந்து அழிக்கவில்லை. மன்னிப்பு என்றால் நடந்தது நடக்காமல் போய்விட வேண்டும் என்று நீங்கள் காத்துக்கொண்டிருந்தால், தம்பி, அப்படி ஒரு நாள் வராது. இப்படிப்பட்ட கதையெல்லாம் உள்ள குடும்பத்தில்தான், அதையெல்லாம் மறைக்காமல்தான், அவர் வந்து பிறந்தார்.

கெட்ட குமாரன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், லூக்கா 15, அப்பாவின் சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கப் போனவன். பன்றி மேய்க்கிற இடத்திலேயே அவன் அப்பாவிடம் என்ன பேசுவது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறான். மூன்று விஷயம். பாவம் செய்தேன், உமது பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது முதல் இரண்டுதான் வாயில் வருகிறது, வேண்டுமானால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மூன்றாவது வருவதற்குள் அப்பா வேலைக்காரர்களைக் கூப்பிட்டு நல்ல உடுப்பு கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். நீங்கள் 4 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த மூன்றாவதைத்தான். உழைத்துக் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன் என்கிறீர்கள். அவர் அதைக் கேட்கவே இல்லை.

சரி, அப்படியென்றால் செயினை மறந்துவிடலாமா? கூடாது. ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லி அக்காவிடம் கைவிரிப்பது பக்தி ஆகாது. வரி வசூலிக்கிற சகேயுவின் கதையில் வரிசையைக் கவனியுங்கள். மரத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு முதலில் சொல்கிறார். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொல்வது அதற்குப் பிறகு. வீட்டுக்குள் அவர் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் கையிலிருந்து பணம் தானாக வெளியே வருகிறது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தில், அபகரித்ததைத் திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவனிடம் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. உங்கள் சம்பளத்துக்கு நாலு மடங்கு முடியாது, இந்தக் கணக்கையே பிடித்துக்கொள்வோம். 3 பவுன் என்பது 24 கிராம். மாதம் அரை கிராமுக்கு உண்டான பணத்தை ஒதுக்கினால் 48 மாதம். ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் இன்னும் 10 மாதம். 5 வருஷத்துக்குள் முடிந்துவிடும். ரூபாயில் கணக்கு வைக்காதீர்கள், தங்கம் விலை ஏற ஏற அக்காவுக்கு நஷ்டம், கிராமிலேயே வையுங்கள். மொத்தமும் சேரட்டும் என்று காத்திருக்காமல் முதல் அரை கிராமோடு போங்கள்.

ஆனால் தம்பி, நீங்கள் இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்தப் பெண்ணை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. அக்காவுக்குப் போனது நகை. அவளுக்குப் போனது பெயர். ஒரு வீட்டில் திருடி என்று நிறுத்தினால் அந்தத் தெருவில் அடுத்த வீட்டிலும் வேலை கிடைக்காது, அது உங்களுக்கே தெரியும். 11 வருஷத்தில் அவள் கல்யாணமாகி எங்கேயோ போயிருக்கலாம், அக்காவிடம் கேட்டால் விவரம் கிடைக்கும். அவளைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். அதோடு, யார் யார் காதில் அந்தப் பழி விழுந்ததோ அவர்கள் காதிலும் "எடுத்தது நான்தான்" என்பது விழவேண்டும். செயினைத் திருப்புவதைவிட இது கஷ்டம், அதனால்தான் நீங்கள் பணத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எப்படிப் போவது? கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேக்கோடு போய் நிற்காதீர்கள். பண்டிகை வீட்டில் சொந்தக்காரர்கள் நடுவில் நீங்கள் அழுதால், அக்காவுக்கு மன்னித்தேன் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது, அப்படி அவரை மடக்கக் கூடாது. ஒரு சாதாரண நாளில் போங்கள். முன்னாலேயே ஒரு கடிதம் போட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது, கோபப்பட அவருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டும். குடிதான் காரணம், கூட்டாளிகள்தான் காரணம் என்று ஆரம்பிக்காதீர்கள். எடுத்தேன், அடகு வைத்தேன், அந்தப் பெண்மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். அக்கா கதவைச் சாத்தலாம். மாமா போலீஸுக்குப் போகிறேன் என்று சொல்லலாம், அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் மன்னிக்காவிட்டாலும் மாதாமாதம் அரை கிராம் போய்ச் சேரட்டும்.

காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் இருக்கிறதே, அப்புறம் எப்படி நான் உள்ளே வருவது என்று கேட்பீர்கள். அந்த வசனத்தில் அந்த ஆள் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள். பலிபீடத்துக்கு முன்னால். உள்ளே வந்து நின்றபோதுதான் சகோதரனின் மனவருத்தம் அவனுக்கு ஞாபகம் வருகிறது.

என் கதை ஒன்றும் சொல்கிறேன். பொன்னை பக்கம் எங்கள் ஊர். பாகப்பிரிவினையில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோய் 6 வருஷம். சி.எஸ்.ஐ. ஆராதனையில் அப்பமும் ரசமும் எடுக்கிற திருவிருந்துக்கு முன்னால் சமாதானம் கொடுப்போம் இல்லையா, ஐயர், அதாவது சபைப் போதகர், கொடுக்க, வரிசை வரிசையாகக் கை மாறி வரும். 1947இல் பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபின், 1950இல் தந்த ஆராதனை முறையிலேயே அது வந்துவிட்டது. ஊர் சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் அன்று முன்வரிசையில் இருந்து எனக்குச் சமாதானம் கொடுக்கத் திரும்பியது என் தம்பி. கையைப் பிடித்தேன், சமாதானம் என்றும் சொன்னேன், வெளியே வந்ததும் வேறு வழியாகப் போய்விட்டேன். ஒரு வருஷம் அந்தக் கை என்னை உறுத்தியது. அடுத்த டிசம்பரில் ஒரு புதன்கிழமை, டப்பாவில் அதிரசம் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தம்பி இல்லை. அவன் மனைவி, "இன்னா அண்ணி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு டீ போட்டாள். தம்பி வந்தான். எதிரில் உட்கார்ந்தான். அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "7 மணி பஸ்ஸை விட்டா வேற பஸ் இல்ல" என்று சொல்லி என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை வந்தான். நிலத்தைப் பற்றிப் பேசவே இன்னும் 8 மாதம் ஆனது, அதில் பாதி விஷயம் இன்றுவரை எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவன் பேரன் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செருப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள். கடைசி வரிசை போதும். பாவ அறிக்கை சொல்லும்போது எல்லோரும் முழங்காலில் இருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் எதற்காக இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. திருவிருந்து எடுப்பதைப் பற்றி உங்கள் ஐயரிடம் தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: இயேசு டிசம்பர் 25இல் பிறக்கவில்லை, அதைக் கொண்டாடுவது பாவம், மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பிரசங்கம் வந்தது. குழப்பமாக இருக்கிறது.
- வாசகி, குடியாத்தம்

பதில்: தேதி வேதத்தில் இல்லை, அது உண்மை. ரோமில் 336ஆம் ஆண்டே டிசம்பர் 25ஐ அவர் பிறந்தநாளாக வைத்திருந்ததற்குக் குறிப்பு இருக்கிறது. என் அப்பாவுக்குப் பிறந்த தேதி தெரியாது, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் கடைசிவரை. அந்தத் தேதியில்தான் பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். நிம்மதியாகக் கொண்டாடுங்கள். மன்னிப்புக் கேட்க நமக்கு வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: கல்யாணமாகி 9 வருஷம், இரண்டு பெண் குழந்தைகள். கணவர் குடித்துவிட்டு அடிப்பார். ஆகஸ்ட் மாதம் கை எலும்பு முறிந்ததிலிருந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் வந்து அழுவார், காலில் விழுவார், கிறிஸ்துமஸும் அதுவுமாக மன்னித்துவிடு என்பார். எங்கள் சபைப் பெரியவர்களும், ஏழெழுபதுதரம் மன்னிக்கவேண்டும் என்று வசனம் இருக்கிறது, பண்டிகைக்குள் வீட்டுக்குப் போ என்கிறார்கள். போகாவிட்டால் நான் பாவியா?
- பெயர் வேண்டாம், ஆம்பூர் பக்கம்

பதில்: இல்லை மகளே. போகாததால் நீ பாவி ஆகமாட்டாய்.

உன்னை மன்னிக்கச் சொல்கிறவர்கள் உண்மையில் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதியாகமத்தில் வரும் யோசேப்பு தன்னைக் குழியில் போட்டு விற்ற அண்ணன்மாரை மன்னித்தான், அழுது கட்டிக்கொண்டான், எல்லாம் சரி. ஆனால் எகிப்தில் அவர்களைக் கண்டதும் நான்தான் யோசேப்பு என்று சொல்லிவிட்டானா? தானியம் கொடுத்து அனுப்பினான், திரும்ப வரவைத்தான், கடைசித் தம்பி பென்யமீனை மாட்டிவிட்டால் இவர்கள் அவனையும் விட்டுவிட்டுப் போகிறார்களா என்று பார்த்தான். தம்பிக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்து நின்றபிறகுதான் வாயைத் திறந்தான். ஆதியாகமம் 42லிருந்து 45வரை அந்தப் பெரியவர்களை வாசிக்கச் சொல். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் நம் சபைகளில் யோவான்ஸ்நானனைப் பற்றி வாசிக்கிறோமே, அவர் சொன்னது என்ன? "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள்." காலில் விழுவதில் கனி ஒன்றும் இல்லை. குடிநோய்க்குச் சிகிச்சைக்குப் போகட்டும், அதில் நிலைத்து நிற்கட்டும், பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்பட்டும், உன்மேல் கை வைத்ததை இதே பெரியவர்கள் முன்னால் தன் வாயால் ஒத்துக்கொள்ளட்டும். ஒரு டிசம்பர் போதாது, அடுத்த டிசம்பரும் வரட்டும்.

மன்னிப்பு என்பது உன் மனசுக்குள் நடக்கவேண்டியது, அதற்கு உனக்கு எவ்வளவு நாள் ஆனாலும் ஆண்டவர் காத்திருப்பார். "அந்த ஆளைப் பழிவாங்குகிற வேலையை உம்மிடம் விட்டுவிடுகிறேன்" என்று ஜெபிக்க முடிந்தால் இப்போதைக்கு அது போதும். அவர் அம்மா வீட்டுக்கு வந்து தகராறு செய்தால் பெண்கள் உதவி எண் 181க்கு போன் செய், அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போக யோசிக்காதே. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. சபைப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மகள் கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தால் இதே வசனத்தைத்தான் எடுப்பீர்களா?

கேள்வி: காட்பாடியில் காலேஜ் படிக்கிறேன். போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கிற பழக்கம். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் அழுது விட்டுவிடுகிறேன், புதுச்சிருஷ்டி என்கிற வசனத்தை நம்புகிறேன், ஆனால் பொங்கல் தாண்டுவதில்லை. நான் உண்மையிலேயே மன்னிக்கப்பட்டேனா?
- ஒரு மாணவர்

பதில்: கண்ணு, நான் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபி பகுதியில் வேலை பார்த்தவள். அதிலிருந்துதான் எனக்கு இதற்குப் பதில் வருகிறது.

தொழுநோயில் நரம்பு செத்துப்போனால் விரல்கள் பருந்தின் நகம் மாதிரி உள்ளே மடங்கிவிடும், விரித்துப் பிடிக்க முடியாது. 1948இல் நம் வேலூரில்தான் டாக்டர் பால் பிராண்ட் அதற்கு அறுவை சிகிச்சை செய்ய ஆரம்பித்தார். உயிரோடு இருக்கிற வேறு ஒரு தசைநாணை எடுத்து, செத்துப்போன தசையின் வேலையைச் செய்யும்படி இடம் மாற்றித் தைப்பார்கள். அது ஒரே நாளில் முடிந்துவிடும். 3 வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் எங்களிடம் வருவார்கள், அங்கேதான் அழுகை. ஏனென்றால் தசைநாண் புது இடத்துக்கு வந்துவிட்டது, மூளைக்கு அது தெரியாது. விரலை நீட்டு என்றால் வேறு எதுவோ அசையும். மெழுகு ஒத்தடம் கொடுத்து, மேஜைமேல் கையை வைத்து, இந்த விரலை இப்படி நினைத்து அசை, இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொடுப்போம். ஆபரேஷன் தோற்றுவிட்டது அம்மா என்று சொல்லாத நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. தோற்கவில்லை. கை மாறியாகிவிட்டது, பழக்கம்தான் இன்னும் பழைய கையில் இருக்கிறது.

உனக்கும் அதுதான் நடக்கிறது. நீ டிசம்பர் 31இல் ஆபரேஷன் செய்துகொள்கிறாய், ஜனவரி 1ஆம் தேதியே தெரபிக்கு வராமல் வீட்டுக்குப் போய்விடுகிறாய். ராத்திரி போனை அறைக்கு வெளியே வை. நம்பிக்கையான ஒரு அண்ணனிடம், முடிந்தால் உங்கள் வாலிபர் ஐக்கியத்தில் யாரிடமாவது, இதைச் சொல்லி வாரம் ஒருமுறை கேட்கச் சொல். விழுந்தால் அடுத்த வருஷம் 31ஆம் தேதிக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே, அந்த ராத்திரியே, முகம் கழுவிக்கொண்டு கேள். நம் பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருந்து மன்னிக்கிறார் என்று யோவான் எழுதியிருக்கிறார், அதில் வருஷத்துக்கு ஒருமுறை என்று இல்லை.

கேள்வி: நான் இந்து. 2 வருஷத்துக்கு முன் வேலூர் ஆஸ்பத்திரியில் என் அம்மா கடைசி நாட்களில் இருந்தபோது, ஒரு சண்டையை மனசில் வைத்துக்கொண்டு பார்க்க வராமல் இருந்துவிட்டேன். வந்தபோது இல்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்பது? கோவிலுக்கும் போகிறேன். ஆனால் போன வருஷம் கிறிஸ்துமஸ் ராத்திரி ஒரு சர்ச் வழியாக வந்தபோது பாட்டைக் கேட்டு நின்றுவிட்டேன், அழுகை வந்துவிட்டது. இந்த வருஷம் உள்ளே வந்து உட்காரலாமா? மதம் மாறச் சொல்வார்களா? காசு ஏதாவது கட்டவேண்டுமா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வாருங்கள். ஒரு பைசாவும் வேண்டாம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவிலும் மசூதியும் 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச்சும் இருக்கிற ஊர் நம்முடையது, கிறிஸ்துமஸ் ராத்திரி எந்த சர்ச்சிலும் பொட்டு வைத்த அம்மாக்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். மதம் மாறு என்று யாராவது கையைப் பிடித்தால், பாட்டுக் கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது நீங்கள் இடத்திலேயே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் நம்புவதைத்தான் என்னால் சொல்ல முடியும். நாம் ஒருவருக்குச் செய்தது அந்த ஒருவரோடு முடிந்துவிடுவதில்லை, அவரைப் படைத்தவருக்கும் அது சேர்த்துத்தான். அதனால் அம்மா இல்லாத இடத்திலும் கேட்க ஒருவர் இருக்கிறார். அம்மாவிடம் சொல்ல நினைத்ததை அப்படியே, நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே, அவரிடம் சொல்லுங்கள். சண்டை எதைப் பற்றி, யார் மேல் தப்பு, ஏன் பஸ் ஏறவில்லை, எல்லாம். சுருக்கமாகச் சொல்லவேண்டும் என்று இல்லை.

அம்மா இருந்த அந்த ஊரில் மருத்துவம் எப்படி வேர்விட்டது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் வந்து பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிக்கு உதவ, மிஷனரி டாக்டர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார், ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதில் ஐடாவின் தப்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த ராத்திரி அவரை விடவில்லை. படித்து டாக்டராகி 1900இல் வேலூருக்கு வந்தார், 1902இல் பெண்களுக்காக 40 படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தார். அந்த மூன்று பெண்களும் திரும்பி வரவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குள் வந்த மற்ற பெண்கள் பிழைத்தார்கள்.

உங்களுக்கு நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வார்டிலும் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிற, பேச ஆள் இல்லாத கிழவிகள் இரண்டு பேராவது இருப்பார்கள். நர்ஸிடம் கேட்டுவிட்டு, பார்வை நேரத்தில் போய் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் அம்மா ஆகமாட்டார், ஆனால் யாராவது வருவார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

24ஆம் தேதி ராத்திரி எங்கள் சர்ச்சில் ஆராதனை 11 மணிக்கு மேல்தான், குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை ஆபீசுக்கு என் பெயர் போட்டு ஒரு கடிதம் எழுதினால் எந்த சர்ச் என்று பதில் அனுப்புகிறேன். இடதுபக்கம், கடைசிக்கு முந்தின வரிசையில் இருப்பேன், பக்கத்தில் ஒரு இடம் போட்டு வைக்கிறேன்.